ஒரு மணிக்கே வந்துவிடுவார்

பகல் ஒரு மணி ஆகியிராது. அரிவு வெட்டி முடிந்த வயலை ஒட்டிய மண் ஒழுங்கையில் ஒரு சைக்கிள் வருகிறது. ஓட்டி வருபவர் வெயிலுக்குத் தலையில் துவாய் போட்டிருக்கிறார். ஹாண்டிலில் ஒரு தூக்குச்சட்டி ஆடுகிறது. செயின் கவர் கழன்ற சைக்கிள் அது. ஆளைக் காண்பதற்கு முன்பே 'கிளக், கிளக்' என்று அதன் சத்தம் கேட்கும். கேட்டதும் எனக்கு வயிறு எரியும்.

"வந்திட்டார் சீ.ஐ.டி." என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

வந்தவர் செல்லத்துரை அண்ணை. தென்மராட்சியில், வயல்வெளிக்கு நடுவே ஒரு ஒழுங்கை தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில், நானும் அவரும் கடவைக் காப்பாளர்கள். ஊர்ப் பேச்சில் கேற்காரர். காலை ஆறு மணியில் இருந்து இரண்டு மணி வரை கேற் என்னுடையது. இரண்டு மணியில் இருந்து இரவு பத்து வரை அவருடையது. அதற்குப் பிறகு வருகிறவர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. அவரை நான் விடியற்காலையில் போர்வைக்குள்தான் கண்டிருக்கிறேன்.

இரண்டு மணி வேலைக்கு ஒரு மனிதர் ஏன் ஒரு மணிக்கே வருகிறார்? பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்த கையோடு எனக்கு இந்த வேலை கிடைத்தது. கிடைத்த முதல் கிழமையே இந்தக் கேள்வியும் என் மண்டைக்குள் ஏறிக் குந்திக்கொண்டது.

மூடினவர்தான் திறக்க வேண்டும்

எங்கள் கேற் பெரிய விஷயமில்லை. ஒரு நீட்டு இரும்புக் குழாய், அதன் பின்பக்கம் பாரத்துக்கு ஒரு கொங்கிறீற் கட்டி, இழுக்க ஒரு கயிறு. பக்கத்தில் தகரக் கொட்டில். உள்ளே ஒரு மேசை, ஒரே ஒரு கதிரை, பச்சையும் சிவப்புமாக இரண்டு கொடிகள், ஒரு புத்தகம். வெளியே பூவரச மரத்தின் கீழ், தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய சிலிப்பர்க் கட்டை ஒன்று கிடந்தது.

ரயில் வருவதை எங்களுக்குச் சொல்வது முன் கேற்றில் இருப்பவர். ரயில் தன் கேற்றைக் கடந்ததும் அவர் என் கைத்தொலைபேசிக்கு எடுப்பார். "விட்டிட்டன்" என்பார். நான் "ஓம்" என்பேன். சில நாட்களில் காலை ஆறில் இருந்து நான் மனிதரோடு கதைத்த கதை அந்த 'ஓம்' மட்டும்தான். நாலு ரயிலுக்கு நாலு 'ஓம்.' அந்த மனிதரின் முகம் எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கேற்றை மூடினவர்தான் திறக்க வேண்டும். ஒருவர் மூடி மற்றவர் திறந்தால், எந்த ரயில் போனது, எது இன்னும் வரவேண்டும் என்று இரண்டு பேருக்குமே நிச்சயம் இராது. எங்கள் பாதை ஒற்றைத் தண்டவாளம். முன் கேற்றுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஸ்ரேசன் இருக்கிறது. அங்கே எதிர் ரயிலுக்கு வழிவிட ஒரு ரயிலை நிறுத்தி வைத்தால் நான் மூடின கேற் மூடினபடியே கிடக்கும். திறக்கவும் பயம். கொழும்பில் இருந்து வருகிற பகல் ரயில் அட்டவணைப்படி ஒன்றரைக்கு முன் எங்களைக் கடக்க வேண்டும். தனக்கு மனம் வந்தால் கடக்கும். மனம் வராத நாட்களில் இரண்டரை, மூன்று ஆகும். மூடினவன் நான். ஆகவே நான் நிற்பேன்.

புத்தகத்தில் இரண்டு கட்டங்கள். 'ஒப்படைத்த நேரம்' என்பதில் நான் 2.00 என்று எழுதுவேன். 'பொறுப்பேற்ற நேரம்' என்பதில் அவர் 2.00 என்று எழுதுவார். அந்த இரண்டு மணிக்கும் இந்த இரண்டு மணிக்கும் நடுவில் சில நாட்களில் ஒரு மணித்தியாலம் கிடந்தது. அதற்குப் புத்தகத்தில் கட்டம் இல்லை, சம்பளமும் இல்லை. விடிய வந்து பூட்டுத் துடைத்து, தண்டவாள இடுக்குக்குள் சிக்கின கல்லுகளைக் கம்பியால் கிளறி எடுக்கிற காலை இருபது நிமிஷத்துக்கும் அப்படித்தான்.

நின்றால் சும்மா

இந்தத் தொடரை முதலில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு என் பழைய உத்தியோகங்கள் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இளவயதில் வட்டுக்கோட்டைப் பக்கம் ஓடிய ஒரு மினிபஸ்ஸில் கொண்டக்ரர். ஓட்டத்துக்குத்தான் சம்பளம். பஸ் நிலையத்தில் எங்கள் முறை வரும் வரைக்கும் நிற்பது ஓட்டம் இல்லை. ஆட்களைக் கூவி ஏற்றுவது ஓட்டம் இல்லை. பொழுதுபட்டபின் வாளியும் துணியுமாகப் பஸ்ஸைக் கழுவுவது ஓட்டமே இல்லை. ஒரு தரம் முதலாளியிடம் கேட்டேன். "நீ நிண்டதுக்கு நான் ஏனடா தாறது? பஸ்ஸும்தானே நிண்டது" என்றார். மனிதர் அதை நியாயம் என்று நம்பித்தான் சொன்னார்.

பிறகு வெங்காய லொறி. போர் நடந்து, பாதை திறந்தும் பூட்டியும் கிடந்த காலம். சோதனைச் சாவடியில் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஆமிக்காரர் குத்திப் பார்த்து முடிய, ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒரு முறை மூன்று நாள் அப்படியே நின்றோம். வெங்காயம் முளைக்கத் தொடங்கிவிட்டது. அந்த மூன்று நாளும் லொறி ஓடவில்லை, ஆகவே நாங்களும் வேலை செய்யவில்லை என்பது கணக்கு.

வாழ்நாளில் பாதியை நான் இப்படிச் சும்மா நின்றே கழித்திருக்கிறேன். மூட்டை தூக்கிக் களைத்ததைவிட அந்தச் சும்மா நிற்றலில்தான் அதிகம் களைத்தேன். என் நேரத்தை ஒருவரும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் நேரத்தைப் பறித்தவர்களை மட்டுமே கண்டு பழகின எனக்கு, தன் நேரத்தைத் தானாகக் கொண்டுவந்து தருகிற ஒரு மனிதரை நம்பத் தெரியவில்லை. சும்மா ஒருவர் ஒரு மணித்தியாலம் முந்தி வருவாரா? ஏதோ காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் எனக்கு நல்லதாக இராது. என் மூளை போன போக்கு அது.

மிஞ்சிப் போன கறி

செல்லத்துரை அண்ணைக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. கலியாணம் கட்டாதவர். கட்டாத தங்கச்சி ஒருத்தியோடு இருந்தார். நான் வேலைக்கு வருவதற்கு முந்தின வருடம் தங்கச்சி காய்ச்சலில் போய்விட்டாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மேலே நான் கேட்கவும் இல்லை.

வந்ததும் சைக்கிளைப் பூவரசில் சாத்துவார். சிலிப்பர்க் கட்டையில் இருப்பார். தூக்குச்சட்டியை என் மேசையில் வைப்பார்.

"கறி மிஞ்சிப் போச்சு தம்பி. சாப்பிடும்."

பயற்றங்காய்ப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, சில நாள் சூடை மீன் குழம்பு. தினமும் ஒரு மனிதருக்கு எப்படிக் கறி மிஞ்சும்? எனக்கு அதுவும் சந்தேகம். வயிறு முட்டச் சாப்பாடு தந்து, நான் கண் அயர்ந்த நேரம் பார்த்து மேலே அறிவிக்கப் போகிறார் என்றுகூட நினைத்தேன். சிரிப்பதென்றால் சிரியுங்கள். அந்தச் சந்தேகத்தோடேயே சட்டியை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டேன் என்பதையும் சேர்த்துச் சிரியுங்கள்.

என் வீட்டில் அப்போது அடுப்பு எரிவதே அபூர்வம். மகளுக்குப் பிள்ளை பிறந்ததென்று மனைவி பிரான்சுக்குப் போயிருந்தாள். மூன்று மாதம் என்று போனவள். மூன்று ஆறாகி, ஆறு ஒரு வருடமாகி, பிறகு இரண்டாவது பேரப்பிள்ளையும் வரப்போகிறதென்று சொன்னாள். நான் பாணும் சம்பலுமாக இருந்தேன். தனியாக இருக்கிறேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் 'பாவம்' என்பார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது.

சாப்பிட்டு முடிய அவர் ஏதாவது கதை கேட்பார். "மினிபஸ் ஓடின காலத்திலை ஒருக்கா பிறேக் பிடிக்காமல் போனதெண்டீர், பேந்து என்ன நடந்தது?" என்பார். நான் எரிச்சலோடு தொடங்குவேன். அரைவாசிக்கு வரும்போது எரிச்சல் மறந்துபோகும். ரயில் தாமதமாகி நான் ஏசத் தொடங்கினால், அவர் கட்டையில் இருந்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். ஏச்சைக் கேட்டுச் சிரிக்கிற மனிதனை யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்த நித்திரை

பங்குனி வெயில். முந்தின இரவு மகள் வீடியோ கோல் எடுத்திருந்தாள். அவர்களுக்குச் சாயந்தரம், எனக்கு நடுச்சாமம். பேரனைக் காட்டினார்கள். அவன் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

வராத நித்திரை அடுத்த நாள் பகல் வந்தது. கதிரையில் இருந்தபடி தலை மேசையில் சாய்ந்தது ஞாபகம் இல்லை. ரயில் கூவுகிற சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பினேன். வெளியே பாய்ந்தேன்.

கேற் மூடிக் கிடந்தது. இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்றன. செல்லத்துரை அண்ணை தண்டவாளக் கரையில் பச்சைக் கொடியோடு நேராக நின்றார். பகல் ரயில் எங்களைத் தாண்டிப் போனது.

நான் மேசையில் வைத்த ஃபோன் அவர் சட்டைப் பையில் இருந்தது. முன் கேற்காரர் எடுத்தபோது அவர்தான் 'ஓம்' சொல்லியிருக்கிறார். அவர்தான் மூடியிருக்கிறார். ஸ்ரேசனில் ரயிலை நிறுத்தி வைத்ததால் நாற்பது நிமிஷம் வெயிலில் நின்றிருக்கிறார். நான் கயிற்றைப் பிடிக்கப் போனேன். கையைக் காட்டித் தடுத்தார். மூடினவர் அவர். அவரே திறந்தார். நின்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நித்திரை வந்தால் மனிசன் என்ன செய்யிறது. போய் முகத்தைக் கழுவும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "புத்தகத்திலை நான் ஒண்டும் எழுதேல்லை" என்றார்.

அவர் அன்று அந்தக் கேற்றில் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை. அந்த ஒழுங்கையால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் அது.

நியாயமாக நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அந்தக் கடைசி வசனத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், இரவு முழுக்க உருட்டி உருட்டிப் பார்த்தேன். 'ஒண்டும் எழுதேல்லை' என்றால் என்ன அர்த்தம்? எழுத முடியும் என்று காட்டுகிறாரா? தன் பிடியில் வைத்திருக்கிறாரா? விடியும்போது அது எனக்கு மிரட்டலாகவே தெரிந்தது.

மொட்டைப் பெட்டிசம்

இரண்டு கிழமை கழித்து மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு கடிதம். பெயர் இல்லாத கடிதம். கேற்காரர் கடமை நேரத்தில் நித்திரை, சனங்கள் வெயிலில் நிற்கிறார்கள், நடவடிக்கை எடுக்கவும். இன்ன நாள், இன்ன நேரம்.

"என்ன ஐயா இது?" என்றார்.

நான் பொய் சொன்னேன். தலையிடி என்று மேசையில் சாய்ந்திருந்தேன், கேற் ஒழுங்காக மூடியிருந்தது, வேண்டுமென்றால் சனத்தைக் கேளுங்கள் என்றேன். கேற் மூடியிருந்தது உண்மைதானே. இந்த முறை விடுகிறேன், இன்னொரு கடிதம் வந்தால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று அவர் போய்விட்டார்.

நான் நித்திரை கொண்டதைக் கண்டவர் யார்? செல்லத்துரை அண்ணை. வேறு யார்? எனக்கு வேறு பெயரே வரவில்லை.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் எங்கள் ஊரில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. பெட்டிசத்துக்குப் பதில் பெட்டிசம். பெட்டிசம் எழுதுவதில் எனக்குப் பெயரே இருந்தது. ஒழுங்கை லைற் எரியாததற்கு, வாய்க்கால் மறித்ததற்கு, வேலிச் சண்டைக்கு, கிராம சேவகர் தொடங்கி அமைச்சர் வரைக்கும் ஊர்ச் சனத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் பெட்டிசம் போனால் பதில் வரும் என்பார்கள். அந்தப் பெருமையும் என்னைக் கெடுத்தது.

எழுதினேன். "மேற்படி கடவையில் பிற்பகல் கடமை புரியும் காப்பாளர், தனது கடமை நேரத்துக்குப் புறம்பாக நாள்தோறும் அவ்விடத்தில் பிரசன்னமாகி, கடமையில் உள்ளவரின் கவனத்தைச் சிதறடித்து, கேற்றையும் தொலைபேசியையும் அதிகாரமின்றிக் கையாண்டு வருவதால், பொதுமக்களின் உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தாழ்மையுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறோம்."

'நான்' என்று போடாமல் 'கொண்டு வருகிறோம்' என்று போட்டேன். ஊரே சேர்ந்து எழுதின மாதிரி இருக்க வேண்டும். எங்கள் தபால் கந்தோரில் போடாமல் சாவகச்சேரிக்குப் போய்ப் போட்டேன். போட்டுவிட்டு ஒரு கடையில் பிளேன் ரீ குடித்தேன். திருப்தியாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அன்று மிகத் திருப்தியாக இருந்தது.

பிள்ளைகளின் உயிரையும் என் வேலையையும் காப்பாற்றின அந்த நாற்பது நிமிஷத்தை நான் குற்றமாக எழுதினேன். நேரத்தைப் பறிக்கிறவர்களைப் பற்றி இவ்வளவு ஏசுகிற நான்தான்.

கடைசி ஒப்படைப்பு

பதில் வந்தது. என் பெட்டிசத்துக்குப் பதில் வராமல் போகுமா?

கடமை நேரம் தவிர்ந்த வேளையில் காப்பாளரோ வெளியாட்களோ கடவைக் கொட்டிலுக்கும் கேற்றுக்கும் அருகில் நிற்கக் கூடாது என்று எல்லாக் கேற்றுகளுக்கும் ஒரு கட்டளை. செல்லத்துரை அண்ணைக்கு இட மாற்றம். நாவற்குழிப் பக்கம், கடல்நீரேரிக்கு அருகே, மரமில்லாத ஒரு வெளியில் உள்ள கேற்றுக்கு.

கடைசி நாள் அவர் சரியாக இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். தூக்குச்சட்டி கொண்டுவரவில்லை. ஒழுங்கையின் திருப்பத்தில் அந்தச் சைக்கிள் சத்தம் ஒரு மணிக்கே கேட்டு நின்றது எனக்குத் தெரியும். ஐம்பத்தைந்து நிமிஷம் அங்கே நின்றிருக்கிறார். கட்டளை கட்டளைதான்.

புத்தகத்தில் கையெழுத்து வைத்தார். நான் பேசாமல் போயிருக்கலாம். ஏதோ உறுத்தியது. கேட்டேன்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். ஏன் நீங்கள் ஒரு நாளும் நேரத்துக்கு வாறதில்லை? ஏன் ஒரு மணிக்கே வாறனீங்கள்?"

அவர் புத்தகத்தை மூடி, அதன் மேல் பேனையை வைத்தார்.

"பன்னிரண்டு மணிக்குச் சமையல் முடிஞ்சிடும் தம்பி. தங்கச்சி இருக்கேக்கை ரெண்டு பேருக்குச் சமைச்ச கை. அளவு குறைக்க எனக்குத் தெரியேல்லை. சாப்பிட்டிட்டு இருந்தால் வீட்டிலை ஒரு சத்தம் இல்லை. மணிக்கூடு மட்டும் அடிக்கும். இஞ்சை வந்தால் நீர் றெயினை ஏசிற சத்தமாவது கேக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். "அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் மற்ற எட்டு மணித்தியாலமும் வேலைக்கு வந்தனான் எண்டும் சொல்லலாம்" என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து கதவைத் திறந்தேன். என் வீட்டிலும் மணிக்கூடு மட்டும்தான் அடித்தது. அதுவரை அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அன்றைக்குப் பிறகு அது எனக்குக் கேட்காத நாளும் இல்லை.

பால் திரைந்த நாள்

புதிதாக வந்தவர் நல்ல மனிதர். சரியாக இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வருவார். ஹெல்மெற்றைக் கழற்றாமலே கையெழுத்து வைப்பார். "சரி ஐயா" என்பார். நான் "சரி" என்பேன். சிலிப்பர்க் கட்டையில் ஒருவரும் இருப்பதில்லை. ரயில் தாமதமானால் நான் ஏசுவதையும் விட்டுவிட்டேன். கேட்க ஆள் இல்லாமல் ஏசினால் பைத்தியம் என்பார்கள்.

அப்போதும் முதல் பெட்டிசத்தை அவர்தான் எழுதினார் என்று என்னை நானே சமாளித்துக்கொண்டிருந்தேன். தனிமை இருந்தால் இருக்கட்டும், காட்டிக்கொடுத்தது காட்டிக்கொடுத்ததுதானே? அந்த ஒரு நியாயத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அதையும் பால்காரர் வந்து அறுத்தார். வீடு வீடாகப் பால் சேர்த்துக் கொண்டுபோகிறவர். ஒரு நாள் கேற் மூடியிருந்தபோது பெரிய பால் கானோடு நின்றவர், தானாகவே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. பங்குனி மாசம் ஒரு பெட்டிசம் வந்திருக்குமே? அது நான் போட்டது. நாப்பது நிமிஷம் வெயிலுக்கை விட்டிட்டியள். கானிலை இருந்த பால் முழுக்கத் திரைஞ்சு போச்சு. எட்டிப் பாத்தால் நீங்கள் உள்ளுக்குக் குறட்டை. கோவத்திலை எழுதிப்போட்டன். பிறகு யோசிச்சன், பாவம், வயசு போன மனிசன் எண்டு."

ரயில் போனது. நான் கேற்றைத் திறந்தேன். அவர் கையைக் காட்டிவிட்டுப் போனார். நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் வந்த உழவு மெஷின்காரர் ஹோர்ன் அடித்த பிறகுதான், நான் கேற்றின் குறுக்கே நிற்பது எனக்குத் தெரிந்தது.

நாவற்குழிப் பக்கம்

அடுத்த நாள் இரண்டு மணிக்குக் கையெழுத்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்பினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உழக்கியிருப்பேன். எதிர்க்காற்று. கடல்நீரேரியில் இருந்து உப்பு வாடை. வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். பெட்டிசத்துக்குத் தாராளமாக வருகிற வசனம் மன்னிப்புக்கு வரவில்லை.

அந்த இடத்தில் நிழலுக்கு ஒரு பற்றைகூட இல்லை. வெள்ளை மண்ணும் தண்டவாளமும் தகரக் கொட்டிலும்தான். அவர் வாசலில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். இன்னும் மெலிந்திருந்தார்.

"அண்ணை."

"ஓம். நீரே? வெயிலுக்கை ஏன் வந்தனீர்?"

நான் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொட்டிலை நோக்கி இரண்டு அடி வைத்தேன். அவர் கையைக் காட்டினார். அன்றைக்குக் கயிற்றைப் பிடிக்கப் போன என்னைத் தடுத்த அதே அமைதியான கை.

"உள்ளுக்கு வரேலாது தம்பி. வெளியாள் ஒருதரும் கிட்ட நிக்கக் கூடாதெண்டு கட்டளை. உமக்குத் தெரியாததே? நீர் எழுதினதாலை வந்ததுதானே."

நான் வைத்த அடியைப் பின்னுக்கு எடுத்தேன்.

"கடிதத்தை எனக்கும் காட்டினவை" என்றார். "முந்தித் தங்கச்சியின்ரை காணிப் பிரச்சினைக்கு நீர்தானே எனக்குப் பெட்டிசம் எழுதித் தந்தனீர். நீர் கைப்பட எழுதின பிரதி வீட்டிலை இப்பவும் கிடக்கு, அதே எழுத்து. எனக்குத் தெரியாதே?"

காணிப் பெட்டிசம் எழுதிக் கொடுத்ததை நான் மறந்தே போயிருந்தேன். எத்தனையோ பேருக்கு எழுதினேன். அப்போது அவர் யார் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் கடைசி ஒப்படைப்பு நாளில் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் தன் வீட்டுச் சத்தத்தைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கிறார். தெரிந்துகொண்டுதான் சிரித்திருக்கிறார்.

"அண்ணை, நான்..." என்று தொடங்கினேன்.

அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்தார். "ஓம்" என்றார். கயிற்றை இழுத்தார். குழாய் எனக்கும் அவருக்கும் நடுவே இறங்கியது. ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண். பிறகு மீன் பெட்டி கட்டின ஒரு சைக்கிள். நான் அவர்களோடு நின்றேன். அவர் கொடியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. கடமையில் இருக்கிற மனிதர் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நின்றார்.

ரயில் கனநேரம் வரவில்லை. மீன்காரர் ஏசத் தொடங்கினார். நல்ல ஏச்சு. நான் அவசரமாகச் செல்லத்துரை அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

ரயில் போனது. கேற் உயர்ந்தது. மோட்டார் சைக்கிள் போனது, அந்தப் பெண் போனாள், மீன்காரர் போனார். நான் மட்டும் நின்றேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை.

பின்னால் ஒரு லொறி வருகிற சத்தம் கேட்டது.

"ஐயா" என்று அவர் கூப்பிட்டார். என்னைத்தான். "போறதெண்டால் போங்கோ. இல்லாட்டித் தள்ளி நில்லுங்கோ. வாகனம் வருது."

அதுவரை நான் அவருக்குத் 'தம்பி'. ஒரு நாளும் அவர் என்னை 'ஐயா' என்றதில்லை, 'போங்கோ' என்றதில்லை. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக் கரைக்குப் போனேன்.